நாலு விரல் ஜன்னல்

ஏப்ரல் 11, பஸ்ஸில்

பள்ளி இருக்கிற உஜிட்சேயிலிருந்து புறப்பட்டதிலிருந்தே தலைசுற்றல். எல்லா ஜன்னலும் இறுக்க மூடி, பாதிப் பேர் கையில் பன்றியிறைச்சி ரொட்டி. வாந்தி வரும்போல இருந்ததால் என் ஜன்னலை நாலு விரல் திறந்தேன். அவ்வளவுதான். குறுக்குக்காற்று அடிக்கிறது என்று பின்சீட்டிலிருந்து அஞ்ஜெலியா அலறினாள். பிராட்டிஸ்லாவா பாடகர் குழுப் போட்டியில் தனிப்பாட்டு அவளுக்கு. ஸ்லாவிட்சா டீச்சர் ஓடிவந்து சாத்திவிட்டு, பிடரியில் காற்றுப் பட்டால் குரல் போச்சு, இதுகூடத் தெரியாதா வடக்கத்திக்காரி என்றார். குளிர்காலத்தில் இந்த இசைப்பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அதுதான் என் பட்டம். எதிரெதிர் ஜன்னல் திறந்தால்தானே குறுக்குக்காற்று? யாரிடம் போய்ச் சொல்ல!

ஏப்ரல் 12, பிராட்டிஸ்லாவா

டீச்சர் விருந்துக்குப் போயிருக்கிறார். மொத்தப் பாடகர் குழுவும் அஞ்ஜெலியா அறையில். மேசையைத் தட்டி, தொண்டை கிழியக் கல்யாணப் பாட்டு. என் அறையில் தங்கும் மிலேவாவும் போய்விட்டாள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 13

அஞ்ஜெலியாவுக்குக் குரல் போய்விட்டது. காரணம் யார்? நான்! நாலு விரல் ஜன்னல்!

டீச்சர் அவள் கழுத்தில் ராக்கியா சாராயம் தேய்த்து, கம்பளித் துணி சுற்றிவிட்டு, எல்லோர் முன்னாலும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"நான் ஒரு தப்பும் பண்ணல டீச்சர்."

"அப்ப நாளைக்கு மேடை ஏறாத. கீழ உக்காந்து கேளு."

இதற்காகவா நாலு மாசம் தொண்டைத் தண்ணி வற்றச் சாதகம் பண்ணினேன்? நேற்றுக் கத்தினதைப் பற்றி ஒருத்தியாவது வாயைத் திறந்தாளா? நான் போட்டுக்கொடுக்கலாம். கொடுத்தால் பள்ளி முடிகிறவரை ஒருத்தியும் என் முகத்தில் முழிக்கமாட்டாள். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். செத்தாலும் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 14

தனிப்பாட்டுக்கு மாற்று ஆள் தேடி டீச்சர் காலையில் ஒவ்வொருத்தியாகப் பாடவைத்தார். மிலேவா கரகரத்தாள். அடுத்தவள் இருமினாள். அதற்கடுத்தவளுக்கு மேல் ஸ்தாயியில் வெறும் காற்றுதான் வந்தது. கடைசியில், வேறு வழியில்லாமல், என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். குரல் பிசிறில்லாமல் ஏறியது.

ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தவளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று இப்போதாவது யோசிப்பார் என்று பார்த்தேன். யோசித்தார்.

"வடக்குக் காத்துல வளந்த ஒடம்பு. அதான் தாங்குது."

அட கடவுளே!

சாயங்காலம் தனிப்பாட்டு நான்தான் பாடினேன். மூன்றாம் பரிசு.

ஏப்ரல் 15, திரும்பும் வழி

அஞ்ஜெலியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் கிசுகிசுப்புதான். காரணம் ஜன்னல் இல்லை என்று அவளுக்குத் தெரியுமாம், ஊருக்குப் போனதும் டீச்சரிடம் சொல்வாளாம். ஊருக்குப் போனதும்! பரிசையும் வாங்கின பிறகு!

அன்றைக்குக் கல்யாணப் பாட்டுக்கு என்னை மட்டும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டே விட்டேன். கழுத்துக் கம்பளித் துணியைத் தளர்த்திக்கொண்டு என் காதோரம் குனிந்தாள்.

"உங்க ரூம் வரைக்கும் வந்தோம்டீ. உன் பேர் என்னன்னு எங்க யாருக்கும் உறுதியாத் தெரியல. வடக்கத்திக்காரின்னு கூப்பிட்டுக் கதவத் தட்டக் கூச்சமா இருந்துச்சு."

நாலு மாசம்! ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று பாடியிருக்கிறோம்!

என் பேரைச் சொன்னேன். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டீச்சர் பதறி எழுந்திருக்கிற அளவுக்குச் சொன்னேன்.

நெவெனா.