ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம்

செவ்வாய், காலை

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். மாடிக்குழாய் ஒழுகி உன் அறைச் சுவரில் பெரிய கறை, அம்மா அதைத் தேசப்படம் என்கிறாள், எல்லை தினமும் விரிகிறதாம், உன்னைத்தான் வந்து ஆராயச் சொல்கிறாள்.

உன் புத்தக அட்டை வந்தது. விடுதலை நாளன்று நம் தெருவில் உன் தாத்தா எடுத்த படம், முன்வரிசையில் அழுகிற பையன் நான். கீழே ‘ஒரு தேசம் பிறந்த கணம்’ என்று போட்டிருக்கிறாய். இந்தப் புத்தகம் வந்தால்தான் பல்கலைக்கழகத்தில் உனக்கு வேலை நிரந்தரம் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாமே, அதற்குள் சொல்லிவிடுகிறேன். அது விடுதலை நாளில் எடுத்த படம் இல்லை. அன்று தாத்தா பரவசத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றவே மறந்துவிட்டார். ஸ்டூடியோ வைத்திருந்த மனிதர். இருட்டறையில்தான் விஷயம் தெரிந்தது. அடுத்த ஞாயிறு வீடு வீடாகப் போய், அதே சட்டையில் வாங்க, ஆளுக்கொரு படம் இலவசம் என்று கெஞ்சினார். முடிதிருத்துபவர் மட்டும், “போன வாரமே சுதந்திரம் வந்திருச்சே, மறுபடியும் எதுக்குங்க?” என்று கேட்டார், கேட்டுக்கொண்டே முதல் ஆளாக வந்து நின்றார். நான் அழுதது புது ஷூ கடித்து. தாத்தா, “நிறுத்தாதடா, படத்துல நல்லா விழும்” என்றார்.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. விடுதலை நாளில் எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது, யாருக்கும் தெரியவில்லை. ஒரே தள்ளுமுள்ளு. அந்த ஞாயிறு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை வைத்து என்ன செய்யலாம் என்று உனக்குத்தான் தெரியும்.

படத்தின் பின்பக்கம் விடுதலை நாள் தேதியை எழுதியது நான், ஆல்பம் ஒட்டும்போது. பக்கத்தில் தாத்தா இருந்தார், தேதியைப் பார்த்துவிட்டுப் பசையை நீட்டினார். ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு காகிதத்தையும் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று துளைத்தெடுப்பவள் நீ. இதை மட்டும் கேட்கவில்லை. என் கையெழுத்து உனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இரண்டு நாளாக என்னைத் தின்பது அதுதான்.

பதிப்பாளருக்கு இன்றே போன் செய். அட்டையை மாற்றினாலும் எனக்கு வருத்தமில்லை. படம் இருக்கட்டும் என்றால் ஷூ கடித்ததையும் சேர்த்து எழுது. வேலை கிடைக்கும், நன்றாக இருப்பாய். இனிமேல் என்னையும் கேள்.

அட்டையில் அழுகிறவன்,
உன் அப்பா

மேலே போட்டிருக்கும் கிழமை சரிதான். அம்மாவிடம் விசாரித்துக்கொள்.