பங்களிப்புத் தராத பெண்கள்

என் அன்புச் சண்டைக்காரி ரதிக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ ஃபாரஸ்ட் கேட்டில், நான் மனோர் பார்க்கில். பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிடம், ஏறாவிட்டால் போன். எழுதவேண்டிய தேவை எப்போது இருந்தது? நீ கண்ணை மூடி இரண்டு வருடம் முடிந்த பிறகுதான் வந்திருக்கிறது. இதை நம் ஆட்களின் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். மாதம் தவறாமல் கடை விளம்பரம் தருகிறவள் என்பதால் மறுக்கமாட்டார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்ற நாலு பேர் படிக்கட்டும்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. உன் மகள் அபியின் பல்கலைக்கழகத்தில் பெண்களின் வலைப்பந்து அணிக்குக் கொடுத்துவந்த ஆதரவை இந்தக் கோடையோடு நிறுத்திவிட்டார்கள். பயிற்சியாளருக்கு வேலை போய்விட்டது. மண்டபம் இல்லை. போட்டிக்குப் போக பஸ் இல்லை. அவளின் விளையாட்டு உதவித்தொகையும் இல்லை. நான் போய்ப் பேசிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு விளையாட்டுத்தானே, படிப்பு இருக்கிறதுதானே என்று நம் சனம் கேட்கும். கேட்டும்விட்டது. அவர்களுக்குத் தெரியாததை நீயும் அறியமாட்டாய், ஏனென்றால் அது நீ போன பிறகு நடந்தது. அபி பேச்சை விட்டுவிட்டாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. கேட்டால் "ம்". சாப்பிட்டியா என்றால் "ம்". உன் மனுசன் ஷிப்ட் முடித்து வந்து ரி.வி.க்கு முன்னால் இருப்பார், அவள் அறைக்குள் இருப்பாள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் அந்தப் பயிற்சியாளர்தான் அவளின் உயரத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

மூன்று மாதம் கழித்து நான் ஒரு போட்டி பார்க்கப் போனேன். கடையை விட்டுப் போவதற்கு எனக்கு எவ்வளவு மனமில்லை என்று உனக்குத் தெரியும். போய்ப் பார்வையாளர் வாங்கில் இருக்கிறேன், "இஞ்ச! இஞ்ச! எனக்கு!" என்று மண்டபமே அதிர ஒரு சத்தம். இங்கிலிஷ் பிள்ளைகளுக்கு நடுவில் தமிழில் கத்துகிறாள்! 'இஞ்ச' என்றால் 'இங்கே' என்று மற்றப் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்போல, பந்து சரியாக அவளிடம் வருகிறது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு உன் மகளின் குரலை அன்றுதான் கேட்டேன். அதைத்தான், ரதி, இப்போது மூடிவிட்டார்கள்.

கடிதம் வந்த அன்று அபி போன் எடுத்தாள்.

"அன்ரி, எங்கட ரீமை நிப்பாட்டப் போறாங்களாம்."

"ஏனாம்?"

கடிதத்தை வாசித்தாள். நீளமான கடிதம். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். அணி போதிய 'கொன்றிபியூசன்' தரவில்லையாம்.

"அவ்வளவுதானே! எவ்வளவு கேக்கிறாங்கள்?"

"கேக்கேல்லை அன்ரி. அது வேற என்னவோ. எனக்கும் வடிவா விளங்கேல்லை."

"உனக்கு விளங்காது பிள்ளை. எனக்குக் கிழமைக்கு மூண்டு கடிதம் இப்பிடி வருது. கோயில் தேருக்குப் பங்களிப்பு, சங்கத்துக்குப் பங்களிப்பு, ஆண்டுவிழா மலருக்குப் பங்களிப்பு. எங்கட ஆக்கள் கடைக்குள்ள வந்து நிண்டு கேப்பினம். வெள்ளைக்காரனுக்கு வெக்கம், கடிதத்தில கேக்கிறான். நான் வாறன், நேரத்தை எடு."

சிரிக்கிறாயா? சிரி. ஐயாயிரம் பவுண் என்று மனதுக்குள் முடிவுகட்டி, பேரம் பேசினால் ஏழு வரை ஏறலாம் என்று வைத்துக்கொண்டு, நல்ல சேலை கட்டி, செக் புத்தகத்தோடு அபியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நிதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நல்ல மனுசி. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தானும் படிக்கிற காலத்தில் ஹொக்கி ஆடியதாகச் சொன்னார். நான் பையைத் திறந்து செக் புத்தகத்தை மேசையில் வைத்து, "உங்கள் கடிதம் கிடைத்தது, எவ்வளவு எழுதட்டும்?" என்றேன். அவர் அபியைப் பார்த்தார். அபி தரையைப் பார்த்தாள்.

பிறகு அந்தச் சொல்லுக்கு அவர்களின் அர்த்தத்தை மெதுவாக விளக்கினார். ஒவ்வொரு பிரிவும் தன் செலவு போக மிச்சத்தைப் பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவுக்கு அனுப்பவேண்டும். அந்த மிச்சத்துக்குப் பெயர்தான் பங்களிப்பு. நம் ஊரில் அது கொடுக்கிறவர் மனமுவந்து கொடுப்பது. அங்கே அது ஒவ்வொரு பிரிவும் உழைத்துக் காட்டவேண்டியது. ஒரே சொல்.

"செலவு முழுவதையும் நான் தந்தால்?" என்றேன்.

"அப்போது நட்டம் இருக்காது. மிச்சமும் இருக்காது. மண்டபத்துக்கான மணி வாடகையையும் அணியின் கணக்கில்தான் போடுகிறோம்."

"அந்த வாடகையையும் தந்தால்?"

"அதே நேரத்துக்கு வெளியே இருந்து உடற்பயிற்சி நிறுவனம் ஒன்று அதைவிட அதிகம் தருகிறது. பத்து வருட ஒப்பந்தம்." பிறகு, "நீங்கள் பத்து வருடம் தருவீர்களா?" என்று கேட்டார். நக்கலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

இருபத்தைந்து வருடமாக யாவாரம் செய்கிறேன். மனோர் பார்க் வீட்டுச் சமையலறையில் மிளகாய்த்தூள் பைக்கற் கட்டியதில் தொடங்கி மூன்று கடை. காசை நீட்டியும் வாங்க முடியாத சாமானை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

அவர் எதையும் ஒளிக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளிடம் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று அரசாங்கம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. சம்பளமும் கரண்டும் ஏறிய அளவுக்கு அது ஏறவில்லை. அந்தக் குழியை வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தால் நிரப்பிவந்தார்கள். விசாச் சட்டம் இறுகியது, அந்தப் பிள்ளைகள் குறைந்தார்கள். அதற்கு முன்பே, எல்லாரும் வந்துகொண்டே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கடன் எடுத்துக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றும் கட்டியாயிற்று. வங்கி இப்போது வருடாவருடம் இவ்வளவு மிச்சம் காட்டு என்று நெருக்குகிறது. எனக்கு இது புதுக் கதையா? தீபாவளிக்குச் சனம் வரும் என்று கடனில் சரக்கை இறக்கிவிட்டு, மழைக்குள் கடை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தானே நான். அப்படியான நேரத்தில் எதை வெட்டுவாய்? சத்தம் போடாததை.

"ஆண்களின் ரக்பி அணி மிச்சம் தருகிறதா?" என்று கேட்டேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி வைத்தார். "அது மிச்சம் காட்டவேண்டிய பட்டியலில் இல்லை. மாணவர் சேர்க்கைக்கான விளம்பரச் செலவில் அது வருகிறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காரை நான் எந்தச் செலவில் போடுகிறேன் என்று எனக்குத் தெரியாதா? நட்டம் நட்டமாகத் தெரிவதும் தெரியாததும் அதை எந்தப் பக்கத்தில் எழுதுகிறாய் என்பதில் இருக்கிறது. ரக்பிக்குப் பழைய மாணவர்களும் காசு அனுப்புகிறார்களாம், ரக்பிக்கு மட்டும் என்று எழுதி. வலைப்பந்து ஆடிய பழைய மாணவிகள் இல்லையா என்றேன். இருக்கிறார்களாம். பிள்ளை பெற்று, அரைநாள் வேலைக்குப் போய், மாமியாரைப் பார்த்து, மாதம் பத்துப் பவுண் அனுப்புகிறார்களாம். அந்தப் பத்துப் பவுணைச் சொல்லும்போது அவருடைய குரல் தளர்ந்ததை நான் கவனித்தேன். ஆனால் முடிவு மாறவில்லை.

அணி 'பொழுதுபோக்குக் கழகமாக' இருக்கலாம், யாரும் தடுக்கவில்லை என்றார். மண்டபம் இல்லாமல், பயிற்சியாளர் இல்லாமல், கவுன்சிலின் பொதுப் பூங்காவில், மழையில்.

நான் ஏன் அங்கே சண்டை பிடிக்கவில்லை என்று கேட்பாய். வேறு விசயம் என்றால் மேசையில் தட்டியிருப்பேன். ரதி, இதை ஊர் அறிய எழுதுகிறேன். நம் சங்கத்தின் விளையாட்டு விழாவில், வலைப்பந்துக்கு எடுக்கும் மண்டபத்தின் வாடகை கூடிய வருடம் ஞாபகம் இருக்கிறதா? நான் பொருளாளர். உதைபந்தாட்ட அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டும், மைதானத்தைச் சுற்றிக் கடைக்காரர்களின் பதாகை வரும். பெண்களின் வலைப்பந்துக்கு வருவது ஆறு அணி, பார்க்க வருவது அவர்களுடைய பிள்ளைகள். நான்தான் எழும்பி, இந்த வருடம் வலைப்பந்தை விடுவோம் என்றேன். பதாகைகளில் ஒன்று என்னுடைய கடையுடையது.

நீ கூட்டத்துக்கு நடுவில் எழுந்தாய்.

"எடியே சாந்தி, நீ பொருளாளரோ யாவாரியோ?"

"ரெண்டும்தான். இருந்து கதை."

"அப்ப எங்களையும் கிலோ என்ன விலையெண்டு எழுதி உன்ர கடை மீனுக்குப் பக்கத்தில வையன்!"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கையை உயர்த்தச் சொன்னார்கள், நான் வென்றேன். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னேன். பிறகு எந்த வருடமாவது அந்தப் போட்டி நடந்ததா? நீ என்னோடு ஐந்து மாதம் பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். மறந்தாயா?

அந்த அறையில் அந்த மனுசி சொன்ன ஒவ்வொரு வசனமும் நான் சொன்னது. அவருக்கு எதிராக எந்த வாயைத் திறப்பேன்?

வெளியே பஸ் தரிப்பில் நின்றோம். அபிதான் முதலில் பேசினாள்.

"செக் புத்தகத்தைத் தூக்கி மேசையில போட்டீங்கள் பாருங்கோ. சரியான வெக்கமாப் போச்சு அன்ரி."

"ஏன், தங்கச் சங்கிலியக் கழட்டி வைக்கேல்லை எண்டு சந்தோசப்படு."

சிரித்தாள். நானும் நல்ல காலம் என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்.

"அவ சொன்ன கணக்குச் சரியோ?"

"கணக்குச் சரிதான் பிள்ளை."

"கணக்குச் சரியெண்டா, அப்ப நாங்கள் பிழையோ?"

பஸ் வந்துவிட்டது. நான் முதலில் ஏறிவிட்டேன். நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்? இன்றுவரை யோசிக்கிறேன். கணக்குச் சரி, நாங்களும் பிழையில்லை என்றால் பிழை எங்கே இருக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது? அந்த மனுசிக்கு மேலே வங்கி, வங்கிக்கு மேலே அரசாங்கம், அரசாங்கத்துக்கு மேலே வோட்டுப் போட்ட நான்.

பிள்ளைகள் கையெழுத்து வாங்கினார்கள், பதாகை பிடித்தார்கள், யாரோ வீடியோவும் எடுத்துப் போட்டார்கள். ஒரு கிழமை எல்லாரும் பார்த்தார்கள். அணியில் இருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார்கள். பயிற்சியாளர் ஒரு பாடசாலையில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குப் போயிருக்கிறார். பூங்காவில் ஆடப்போன மற்றப் பிள்ளைகள் மூன்றாம் கிழமையோடு விட்டுவிட்டார்கள். அபி போகவே இல்லை. "ம்" திரும்பவும் வந்துவிட்டது, ரதி.

போன கிழமை புதன்கிழமை மத்தியானம் கடைக்குள் வந்து நின்றாள். இந்த நாட்டில் பல்கலைக்கழகங்கள் புதன்கிழமைப் பின்னேரங்களில் வகுப்பு வைக்காமல் விளையாட்டுக்கு விடுவது வழக்கம். அதனால் அவளுக்கு அந்த நேரம் சும்மா இருக்கிறது.

"அன்ரி, புதன்கிழமை பின்னேரம் ஷிப்ட் இருக்கோ?"

எனக்கு ஆள் தேவை. மீன் லொறி வருகிற நாள் அது. அவளுக்கோ ஏணி இல்லாமல் மேல் தட்டு எட்டும், எறிகிற பெட்டியைத் தவறாமல் பிடிப்பாள். ஓம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"புதன் ஏலாது. சனி வா, ஞாயிறு வா."

"ஆள் தேவையெண்டு கண்ணாடியில ஒட்டிக் கிடக்கு."

"கிடக்கட்டும்."

"அப்ப புதன்கிழமை நான் என்ன செய்யிற?"

அவளுடைய குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது, பக்கத்தில் மீன் வெட்டுகிறவர் நிமிரவே இல்லை. அவள் போய்விட்டாள். எங்கே போனாளோ தெரியாது. வேறு யாராவது கடைக்காரர் அவளைப் பிடித்துக்கொள்வார், நல்ல வேலைக்காரி. அதைத் தடுக்க என்னால் முடியாது. அந்த அணி திரும்பி வரும் என்று உனக்குப் பொய் சொல்லவும் முடியாது. வராது.

ஒன்றே ஒன்றை மட்டும் வாக்காகத் தருகிறேன். உன் மகளின் புதன்கிழமைப் பின்னேரம் மலிவாக விலைக்கு வந்திருக்கிறது. எத்தனை தரம் வந்து கேட்டாலும், எனக்கு எவ்வளவு ஆள் தட்டுப்பாடு வந்தாலும், அதை நான் வாங்கமாட்டேன்.

அபிக்கு அன்ரி, உனக்குக் கூடப்பிறவாத அக்கா,
சாந்தி