வண்டியின் வால் பக்கத்து மூட்டை

மார்ச் 4, செவ்வாய்

மன்னித்துவிடு நோட்டே, இந்நேரத்தில் உன்னைத் திறக்கிறேன். குட்டிக்குப் பல் முளைக்கிறது. அழுது அழுது இப்போதுதான் ஓய்ந்தாள்.

வழக்கமாக நைட்ரேட் அனுப்பும் கம்பெனி கைவிரித்துவிட்டது. நைட்ரேட் இல்லையென்றால் எங்கள் வெடித்தோட்டா இல்லை. தோட்டா இல்லையென்றால் எங்களை நம்பியிருக்கும் கல்குவாரிகளில் பாறை உடையாது. கொள்முதல் மேசையில் உட்கார்ந்து இன்று ஒன்பது இடத்துக்குப் போன் போட்டேன். உரிமம் உள்ளவரிடம் சரக்கு இல்லை. சரக்கு உள்ளவர் உரிமத்தின் நகலைக் கேட்டால் போனை வைத்துவிடுகிறார்.

"கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு, நீயே நாலு மூட்டை செஞ்சு குடுத்துடேன்" என்றார் முதலாளி. சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6

ஒரு தரகர் வந்தார். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக. "எங்கிட்ட வாங்கினவங்க யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல தங்கச்சி."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து நிமிராமலே, "சண்டை போட ஆள் மிஞ்சினாத்தானே" என்றார். இதே கம்பெனியில் வெடி வைக்கிறவர் அவர். எங்கள் தோட்டாவை எடுத்துக்கொண்டு குவாரி குவாரியாகப் போகிற மனுஷனுக்கு இதெல்லாம் வேடிக்கை.

மார்ச் 10, திங்கள்

வேறு வழியில்லாமல் அந்தத் தரகரிடமே வாங்கினோம். லாரி வந்துவிட்டது.

எங்கள் வழக்கம் இது: வால் பக்கத்து மூட்டையைத் தொடக்கூடாது. நல்ல சரக்கை எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். மேலே ஏறி, நடுவில் மூன்றாவது அடுக்கில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், நான் மற்றவர்களுக்குச் சொல்வதும் அதுதான்.

ஏணியில் கால் வைத்தேன். குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. குட்டிக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம். இறங்கிவிட்டேன். வால் பக்கத்தில் இரண்டு மூட்டையைக் குத்தினேன். மாதிரிச் சீட்டில் 'நடு அடுக்கில் எடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஒருநாள்தானே.

மார்ச் 12

லேபில் பாஸ். காய்ச்சல் மட்டும் இன்னும் விடவில்லை. மதியம் முதல் கலவை ஓடியது.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டோருக்கு வேறு எதற்கோ போனேன். அடுக்கில் ஒரு மூட்டையின் வாயில் தையல் கோணலாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரே வாயில் இரண்டு வரிசை ஊசி ஓட்டை! மெஷின் தையலைப் பிரித்து, யாரோ கையால் திரும்பத் தைத்திருக்கிறார்கள். பக்கத்து மூட்டையும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"என்னம்மா, மூட்டைகிட்ட பேட்டி எடுக்கிறியா?" என்றார் ஸ்டோர் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால் மாதிரிச் சீட்டைக் கேட்பார்கள். சீட்டில் என் கையெழுத்து.

மார்ச் 15, சனி

விடிந்ததும் வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். மேற்கே உள்ள பெரிய குவாரிக்கு, மூன்று நாள் வேலையாக, புதுத் தோட்டாப் பெட்டிகளோடு. வாசல்வரை போனேன். சொல்ல வாயெடுத்தேன். "என்ன, ஏதாவது வாங்கிட்டு வரணுமா?" என்றார். இல்லையென்று தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16

மாவு கெட்டால் பலகாரம்தான் கெடும் என்பது மாதிரி என்னையே தேற்றிக்கொண்டு இருக்கிறேன். உள்ளே என்ன கலந்திருந்தாலும் தோட்டா வெடிக்காமல் போகும், அவ்வளவுதானே?

அவ்வளவுதானா? கல்யாணமான புதிதில் அவர் சொன்னது: "வெடிக்கிற வெடிக்கு நான் பயப்பட மாட்டேன். வெடிக்காம உள்ளேயே கிடக்குது பாரு, அதுக்குத்தான் பயம்." பிறகு டிரில் பட்டால் ஆள்மேலேயே வெடிக்குமாம். அதனால்தான் வெடி வைத்த குழிகளைக் கணக்கு வைத்து, காதால் ஒவ்வொரு சத்தமாக எண்ணுவார்களாம்.

குட்டிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நாளைக்கு முதல் வேலையாக அந்த மூட்டைகளைக் குத்திப் பார்க்க வேண்டும்.

மார்ச் 17, திங்கள், மாலை 4.10. ஆபீஸ்

முதன்முறையாக உன்னை ஆபீசுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

காலையில் நானே பன்னிரண்டு மூட்டையைக் குத்தி லேபுக்குக் கொடுத்தேன். மூன்றரை மணிக்கு லேப் அக்கா வெளியே வந்தாள். "இதுல மூணுல ஒரு பங்கு சாப்பாட்டு உப்புடி. நீ போன வாரம் எதைக் கொண்டுவந்து குடுத்த?"

முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பகத்துப் போன், வால் பக்கம், சீட்டு. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கலவைய நிறுத்து" என்று வெளியே பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், மெதுவாக: "உன் வீட்டுக்காரன் எந்தக் குவாரில இருக்கான்?"

கணவரின் போனில் மணியே அடிக்கவில்லை. வெடி வைக்கும் நேரத்தில் எல்லார் போனையும் அணைத்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். குவாரி ஆபீசில் குமாஸ்தா எடுத்தார்.

"இப்பதாம்மா வெடிச்சு முடிஞ்சுது. ஆனா ஒரு குழப்பம். குழி இருபத்திநாலு. சத்தம் இருபத்திமூணுதான் கேட்டுச்சுங்கிறாங்க. ரெண்டு ஒண்ணா கேட்டிருக்கும்னு சூப்பர்வைசர் சொல்றாரு. டிரில்காரங்க உள்ள போகணும்னு நிக்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் விடமாட்டேங்கிறார். கயிறு கட்டிட்டு வழியிலேயே நிக்கிறார்."

"அண்ணே, நான் சொல்றத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஆள் விட்டு அவர் கையில குடுங்க."

எழுதினார். ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்தும் காட்டினார். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'நீங்கள் எண்ணியது சரி. சரக்கில் உப்புக் கலப்படம். மாதிரியை நான்தான் தப்பாக எடுத்தேன். யாரையும் உள்ளே விடாதீர்கள், நீங்களும் போகாதீர்கள். மீதிப் பெட்டியைத் திறக்காதீர்கள். குட்டிக்குக் காய்ச்சல் இல்லை. இந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே ஒரு வரி எழுதிக் குமாஸ்தாவுக்கு அனுப்புங்கள், சீக்கிரம்.'