நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை

பிப்ரவரி 3

வீட்டுக்காரர் மூன்றாம் முறையாக வந்தார். இடித்துக் கட்டப்போகிறாராம். மே மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். வாடகைக்குப் பார்த்த இரண்டு இடங்களிலும் அப்பாவின் வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எழுபத்தொன்று என்பது அவர்களுக்கு ஒரு நோயின் பெயர் போலிருக்கிறது. "ஒரு ஃப்ளாட்டை வாங்கிப் போட்டுடுங்களேன்" என்றார் வீட்டுக்காரர், தீப்பெட்டி வாங்கச் சொல்வதுபோல.

வாங்கத்தான் வேண்டும். அப்பாவை யாரும் கிளம்பு என்று சொல்ல முடியாத ஓர் இடம்.

பிப்ரவரி 9

வங்கியில் என் வயதைக் கேட்டார்கள். நாற்பத்தேழு. ஓய்வு பெற இன்னும் பதினொரு வருடம். அதற்குள் அடைக்கக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் கடன். அந்தத் தொகைக்கு இந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அதிகாரி நல்லவர், தேநீர் வரவழைத்தார்.

பிப்ரவரி 16

விடுமுறை. தரகருடன் மூன்று வீடுகள். இடுப்பில் சாவிகள் குலுங்க நடக்கிறார். அப்பா அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் வீடு தரைத்தளம். இடுப்பு உயரம்வரை சுவரில் ஈரம், அதன்மேல் புதுச் சுண்ணாம்பு. அப்பா விரலால் தொட்டார், விரலோடு வந்தது. "மழைக்காலத்துல படகு நீங்களே குடுத்துடுவீங்களா?" என்றார். சாவிக்கொத்து சிரித்தார், மறுக்கவில்லை. இரண்டாவதில் சமையலறை வழியாகத்தான் கழிவறைக்குப் போக வேண்டும். மூன்றாவது நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கிருந்து முதல் பேருந்து ஐந்து ஐம்பதுக்கு. என் வேலை ஐந்துக்குத் தொடங்குகிறது. டிப்போவில் டைம் கீப்பராக இருப்பவள் பேருந்தைப் பிடிக்க முடியாத இடத்தில் குடியிருக்க முடியாது.

பிப்ரவரி 27

லிஃப்ட் உள்ள வீடு ஒன்று. விலையைக் கேட்டதும் அப்பா, "லிஃப்ட்டை மட்டும் தனியா குடுப்பீங்களா? அதுலயே இருந்துக்கறோம்" என்றார்.

மார்ச் 8

நல்ல வீடு. இரண்டு அறைகள், காய்ந்த சுவர், டிப்போவுக்கு இருபது நிமிட நடை. கடனுக்குள் அடங்குகிறது. நான்காம் மாடி. எழுபத்திரண்டு படிகள். லிஃப்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதில் துடைப்பங்களும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கின்றன. "குடியிருப்போர் சங்கத்துல பேசிட்டிருக்காங்க மேடம். வந்துடும்." எத்தனை வருடமாகப் பேசுகிறார்கள் என்று கேட்டேன். சாவிக்கொத்துக்கு அப்போது ஃபோன் வந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கோபம்.

"நான் ஏற மாட்டேன்னு நீயா எப்படி முடிவு பண்ணலாம்? முப்பத்தஞ்சு வருஷம் தபால் குடுத்தவன். எந்த வீட்டுல லிஃப்ட் இருந்துச்சு?"

"அது அப்போ."

"கால் அதே கால்தானேம்மா."

மார்ச் 15

அப்பாவை அழைத்துப் போய் ஏறவைத்தேன். டிப்போ பழக்கம், மணி பார்த்துக்கொண்டேன். 10.12க்கு முதல் படி. ஒவ்வொரு தளத்திலும் நின்று கதவுகளிலிருந்த பெயர்ப் பலகைகளைப் படித்தார். "பேரை எழுதினவனுக்கு ஒரு எழுத்துக்கூட நேரா வரல." "இவர் பேருக்குப் பின்னால எத்தனை பட்டம் பாரு, கடுதாசி வந்தா உறையில இடம் பத்தாது." தபால்காரர் புத்தி போகவில்லை என்று சிரித்தபடி நானும் நின்றேன். 10.19க்கு மேலே. ஏழு நிமிடம். உட்காரவில்லை. நேராகப் போய் ஜன்னலைத் திறந்தார். "காத்து வருது பார்."

ஏழு நிமிடம் என்றால் தாங்கும். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22

பத்திரப் பதிவு முடிந்தது. கட்டைவிரல் மை இன்னும் போகவில்லை. அப்பா அந்த விரலை இரண்டு முறை பிடித்துப் பார்த்தார்.

மே 11

குடிவந்தோம். அப்பா ஏற இருபத்தாறு நிமிடம். மூன்றாம் தளத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாமான் தூக்கிய களைப்பு என்றார். அவர் தூக்கியது ஒரு குடை.

மே 19

பழைய தெருவின் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர், "முட்டியில ஊசி போட்டது எத்தனை நாள் தாங்கிச்சு?" என்று கேட்டார். எந்த ஊசி? "மார்ச்ல போட்டாரே. காலைல போட்டுட்டு, வலி மாத்திரை ரெண்டும் முழுங்கிட்டு, இன்னைக்கு வீடு பாக்கப் போறோம்னு சொன்னாரு."

பெயர்ப் பலகைகள். ஒவ்வொரு தளத்திலும். மூச்சு வாங்கியிருக்கிறார், நான் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இருபத்து நான்கு வருடமாக ஓட்டுநர்கள் சொல்லும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்துப் பொய்யென்று காட்டுகிறவள் — எனக்கு என்ன ஆயிற்று? தெரியாமல்தான் இருந்தேனா? இல்லை, ஏழு நிமிடம் எனக்குப் பிடித்திருந்ததா?

வீட்டுக்கு வந்து கத்தினேன். "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

"ஊசி போட்டா என்ன, ஏறினது நான்தானே."

"விளையாடாதீங்க."

"இல்லன்னா நீ அந்த ஈர வீட்டை வாங்கிட்டு, வருஷம் பூரா இருமிக்கிட்டு கிடந்திருப்ப" என்றார். 

ஜூன் 30

ஐம்பது நாள். அப்பா ஒரு முறையும் கீழே இறங்கவில்லை. மருத்துவர், முட்டி தேய்ந்தது தேய்ந்ததுதான், படியைத் தவிர்க்கச் சொல்லுங்கள் என்கிறார். முடிவெட்டுபவரைக் கூப்பிட்டேன், நான்கு மாடி ஏறிவந்தால் கத்திரி பிடிக்கக் கை நடுங்கும் என்றுவிட்டார். நானே வெட்டினேன். இடதுபக்கம் அதிகமாகப் போய்விட்டது. "யாரு பாக்கப் போறாங்க" என்றார் அப்பா.

ஜூலை 14

சங்கக் கூட்டம். லிஃப்ட் பற்றிக் கேட்டேன். செயலாளர் பொறுமையாகத்தான் பேசினார். "கீழ் வீட்டுக்காரங்களும் முதல் மாடிக்காரங்களும் எதுக்கு மேடம் பங்கு குடுக்கணும்?" நியாயமான கேள்வி. கைகள் உயர்ந்தன. வேண்டும் என்றவர்கள் ஐந்து வீடு, வேண்டாம் என்றவர்கள் ஏழு.  

ஜூலை 20

சாவிக்கொத்திடம் விற்க முடியுமா என்று விசாரித்தேன். "நாலாம் மாடி, லிஃப்ட் இல்ல. உங்களை மாதிரி ஆள் கிடைக்கணுமே மேடம்." வருகிற பணத்தில் கடனை அடைத்தால், மிஞ்சுவதில் அந்த ஈர வீட்டின் வாசற்படிகூட வராது.

ஆகஸ்ட் 2

வேலை முடிந்து இரண்டே முக்காலுக்கு வந்தேன். அப்பா கேட்டுக்கு அருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் மாடி அம்மாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கியிருக்கிறார். கை கொடுக்கப் போனவரை, போய் வேலையைப் பாரும்மா என்று அனுப்பிவிட்டாராம். ஒன்றே முக்கால் மணி நேரம். கால்சட்டையின் பின்பக்கம் நைந்து நூல் தெரிந்தது.

"மேல போலாம்பா."

"வரல."

"ரெண்டு பேரைக் கூப்பிடறேன். நாற்காலியோட தூக்கிடுவாங்க."

"பார்சலா நான்?"

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

காவலாளி போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அவருடைய அறை காலியாக இருக்கிறது. இன்று ஒரு நாள் அங்கே படுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

ஆகஸ்ட் 9

ஒரு நாள் ஏழு நாளாயிற்று. எட்டடிக்கு ஆறடி. ஒரு கட்டில், ஒரு பல்பு, வெளியே குழாய். இன்று பார்த்தால் மேசைமேல் வருகைப் பதிவேடு. செயலாளரிடம் சண்டைக்குப் போனேன். "காவல் வேலையை அவராத்தான் கேட்டாரு மேடம். சம்பளம்கூடப் பேசல. ஒரே வாரத்துல எல்லா வீட்டுப் பேரும் தெரிஞ்சுபோச்சு அவருக்கு. எங்களுக்கே தெரியாது."

அப்பாவிடம் என்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்றேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

"தெரியும்மா. நல்ல வீடு. காத்து வருது. இந்த வேலைக்குக் கால் வேணாம், கண்ணு போதும். நீ போய்ப் படு, காலைல அஞ்சு மணிக்கு வேலை."

செப்டம்பர் 6

சாப்பாடு எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் ஒரு கார் ஒலி எழுப்பியது. அப்பா மேசையைப் பிடித்து எழுந்து, கேட்டைத் திறந்து, கார் உள்ளே போகும்வரை நின்றார். முதல் மாடிக்காரர். எங்கள் இருவருக்கும் நடுவே ஓட்டிப் போனார், யாரையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 21

மேல் அறையில் அப்பாவின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். யாரும் படுக்காத விரிப்பு. ஏன் மாற்றினேன்?

அக்டோபர் 12

தண்ணீர்க் கட்டணத்தை இனித் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கப் போகிறார்கள். சங்கம் வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. வாங்கி வைப்பது காவலாளி பொறுப்பு. நான் வேலையிலிருந்து வந்ததும் அப்பா கையில் கொடுத்தார். என் பெயரையும் வீட்டு எண்ணையும் அவரே எழுதி வைத்திருந்தார், முகவரி எழுதுகிற அதே தெளிவான கையெழுத்தில். வசிப்போர் எண்ணிக்கை மட்டும் காலி.

இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "காவலாளிக்குச் சங்கத்துத் தண்ணி. அது தனி. ஒண்ணுன்னு போடு."

 பின்னால் இரண்டு பேர் படிவத்தோடு காத்திருந்தார்கள். இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன்.

"அடிச்சு எழுதினா பக்கத்துல ஒரு கையெழுத்து போடணும்" என்று பேனாவைத் திரும்ப நீட்டினார்.

போட்டேன்.