கம்பளிக் கோட்டும் மூக்குக் கண்ணாடியும்

நோரா அப்பாவுக்கு,

மீன் குழம்பு மண்சட்டியில் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை, நாம் இறைச்சி தொடக்கூடாத நாள். பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் கறி கொடுத்தனுப்பினால் சபலப்படாதீர்கள். சாப்பிட்டதும் சாவியை அவளிடமே கொடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வழியனுப்பு விழா. முடிந்ததும் மாலையும் கழுத்துமாக சென்ட்ரலுக்குப் போய் பம்பாய் மெயில் ஏறிவிடுவேன். நோராவை வில்லியம் அண்ணன் ஸ்டேஷனுக்கு அழைத்து வருவார்.

மூர் மார்க்கெட்டில் நீங்கள் எனக்கு வாங்கி வந்த கம்பளிக் கோட்டை, "கரடி வேஷமா?" என்று கேட்டுச் சிரித்தேன். அதற்கு இத்தனை கோபமா? "நீயே கப்பலேறிப் போ, நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன்" என்றீர்கள். விடிந்ததும் மாதா கோயில் பூசைக்குப் போனவர், அப்படியே ஆபீசுக்கும் போய்விட்டீர்கள்.

கோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். லண்டன் மாநாட்டில் சேலைக்கு மேல் அதைத்தான் போடப் போகிறேன். மதராஸில் தமிழ் வாத்தியாரம்மாக்கள் எல்லாம் இப்படித்தான் உடுத்துவார்கள் என்று உலகம் நினைத்துக்கொள்ளட்டும்.

மர்சலின்

கோழிகளுக்கு நொய் போடுங்கள்.

இன்னொன்று. என் மூக்குக் கண்ணாடி அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் இருக்கிறது. காணாமல் போனதை அவர் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிடாதீர்கள். அது தொலையவில்லை. நான்தான் அங்கே வைத்தேன். அது இல்லாமல் மாநாட்டில் என் பேச்சை ஒரு வரிகூட வாசிக்க முடியாது.

அண்ணனிடம் கொடுத்தனுப்பினால் வாங்கமாட்டேன்.