மாமி முகர்ந்து சொன்ன க்ரீம்

3 மார்ச் 2003

தவிட்டு எண்ணெய் வந்துவிட்டது. தேன்மெழுகு போதும். திருவையாறு சாலை ஹோட்டலின் ஸ்பாவுக்கு நாற்பது டப்பா க்ரீம் அனுப்ப வேண்டும். ஷார்ஜாவில் அவர் மௌத்தாகி மூன்று வாரம் ஆகிறது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். புருஷன் போனதைத் தேன்மெழுகுக்கு அடுத்து எழுதுகிறேன், நான் என்ன பெண்? அழுகை வரவில்லை. பசிக்கிறது.

5 மார்ச்

புருஷன் மௌத்தானவளுக்கு உள்ள நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை எனக்கு வாசனை ஆகாது. பூ, அத்தர், எதுவும். க்ரீம் செய்து விற்கிறவளுக்கு நல்ல சோதனைதான். வெட்டிவேர் எண்ணெய் எவ்வளவு விடுவது என்பதை என் மணிக்கட்டில் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். புட்டிக்குப் புட்டி மணம் மாறும். அளவு எழுதி வைத்துப் பயனில்லை.

மாமி, அவருடைய உம்மா, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"நான் பூசிப் பாக்குறேம்மா. எனக்குத் தடை இல்ல. மகன் மௌத்தானா பெத்தவளுக்கு மூணு நாள்தான் துக்கம்."

9 மார்ச்

ஏற்பாடு இதுதான். நான் அடுப்படியில் காய்ச்சிக் கடைந்து கொடுத்துவிடுவேன். மாமி கொல்லையில் வைத்து வெட்டிவேர் எண்ணெய் கலந்து, கையில் தடவி முகர்ந்து, டப்பாவில் அடைப்பார். நான் அந்தப் பக்கமே போவதில்லை. புதுப் புட்டி ஒன்றைக் கொடுத்தேன்.

"எப்படி மாமி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

16 மார்ச்

முத்துப்பேட்டையிலிருந்து அப்சர் காக்கா வந்தார்.

"இத்தா முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிடறேன். இனிமே இங்க உனக்கு என்ன இருக்கு?"

பிள்ளை இருந்திருந்தால் என் அண்ணன் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். மாமி அவருக்கு இன்னொரு டீ கொண்டுவந்து வைத்தார். நான் சரி என்றேன். இப்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வாயில் வருகிறது.

11 ஏப்ரல்

ஒன்றுமில்லை. இன்னும் நாற்பது டப்பா போனது.

4 மே

ஸ்பா மேனேஜர் செம்மொழி போன் செய்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஹோட்டலில் கூட்டமாம். மணலைப் பார்த்துக்கொண்டே மசாஜ் செய்துகொள்கிறார்கள்.

"எல்லாம் காலிக்கா. அடுத்து நூறு அனுப்புங்க. லீவுக்கு வந்த அமெரிக்கா, சிங்கப்பூர் ஆளுங்க டப்பாவையே கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. முன்ன தலைவலிக்குதுன்னு சொன்னவங்ககூட வாங்குறாங்க. வாசனைய எடுத்தீங்க பாருங்க, அதான் நல்ல ஐடியா."

வாசனையை நான் எங்கே எடுத்தேன்?

கொல்லைக்குப் போனேன். புட்டி சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது.

"நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே மாமி?"

"க்ரீம் நல்லாத்தானே இருந்துச்சு." புட்டியை என்னிடமிருந்து வாங்கி முந்தானையில் துடைத்தார். பிறகு, "ஒவ்வொரு தடவையும் தொறக்கலாம்னுதான் எடுப்பேன். கை வரல. நான் ஒண்ணும் மார்க்கத்த மீறலம்மா. பூசிக்கப் பிடிக்கல, அவ்வளவுதான். உன் யாவாரம் கெட்டுடுமோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். கெட்டா ஒங்க காக்கா மறுநாளே வந்துடுவாரே" என்றார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். மாமி அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லையே.

5 மே

நேற்று அழுதேன். அவருக்காகவா, மாமிக்காகவா, தெரியவில்லை. இன்றைக்கு மறுபடி மரத்துக் கிடக்கிறது.

28 மே

நூறு டப்பா போனது. வாசனை சேர்க்கவில்லை.

18 ஜூன்

இத்தா முடிந்தது. குளித்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அத்தர் பூசிவிட்டார்கள். மூக்கில் ஏறியது, அவ்வளவுதான். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

காக்கா காரோடு வந்திருந்தார். மாமி அடுப்படியில் எங்களுக்கு வழிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார்.

"கெளம்பு நஜ்மா. அதான் எல்லாம் முடிஞ்சுடுச்சே."

"நான் வரல காக்கா" என்றேன்.

ஏன் என்று கேட்டார்.

"மாமிக்கு இன்னும் முடியல."