மேலே போன கோச்சிகள்

1986 ஜனவரி 14, செவ்வாய்
காலையில் தூறல். பொங்கல். ரேடியோக் கடை பூட்டு. முதலாளி ஹனீபா நானா வருஷா வருஷம் கொடுக்கிற டயரி இது. போன வருஷத்து டயரியில் அப்பா செத்த நாள் ஒன்றைத் தவிர எதுவும் எழுதவில்லை. இந்த வருஷம் எழுதிப் பார்க்கலாம்.

தோட்டத்து லயத்தில் எல்லார் வீட்டிலும் பொங்கல் பானை. நம் வீட்டில் அலுமினியச் சட்டி. பித்தளைப் பானை ஆணி அடித்த பெட்டிக்குள் கிடக்கிறது. அம்மா திறக்க விடமாட்டாள்.

பெட்டி: நாலடி, பலாப் பலகை. மேலே என் கையெழுத்தில் கறுப்புப் பெயின்ட், அப்பா பெயர், மண்டபம் முகாம், இந்தியா. வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, ஆட்கள் கட்டிப்பிடித்து அழுது, அப்பா பெயரைத் தோட்டத்து வேலையாட்கள் செக்ரோலில் வெட்டி, எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தோம். சண்டையில் இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றுவிட்டது. முந்தின வருஷம் போன அண்ணன் கூடலூரில். நாங்கள் பெட்டியோடு இங்கே. ஒன்றேகால் வருஷம். பயணம் சொன்ன வீடுகளுக்கு முன்னால் நடக்க இன்னும் கூச்சம்.

ஜனவரி 29, புதன்
பெரிய ரேடியோ ஒன்று ரிப்பேருக்கு வந்தது. சரி பண்ணி, சிற்றலையில் வைத்துப் பார்த்தேன். தமிழ்ச் செய்தி. அமெரிக்கா அனுப்பிய ராக்கெட் ஏறின கொஞ்ச நேரத்தில் வெடித்துவிட்டது. ஏழு பேர். ஒருத்தி டீச்சர். பள்ளிப் பிள்ளைகள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

கடையில் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி நின்றோம். தேத்தண்ணி ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவங்களாவது கிளம்பினாங்களே என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அது பேச்சா?

பிப்ரவரி 21, வெள்ளி
வெயில். மிளகு காய்கிற வாசனை ரோடு முழுக்க.
ரஷ்யா வானத்துக்கு ஒரு வீட்டை அனுப்பியிருக்கிறது. ஆளில்லாத வீடு. ஆட்கள் பிறகு போவார்களாம். இங்கே தலைகீழ். கணக்கப்பிள்ளை இன்றும் வந்து, இந்த லயத்துக் காம்பராவை எப்ப விடப் போறீங்க, வேலை செய்ற குடும்பம் ரெண்டு காத்திருக்கு என்றார். கப்பல் வந்ததும் என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

பிப்ரவரி 24, திங்கள்
நானா டயரியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ராக்கெட் என்று எழுதியிருந்த பக்கத்தை விரலால் தட்டினார். "மகன், இந்தக் காலத்தில நம்ம ரெண்டு பேர்ட கையிலயும் இந்தச் சொல் இருக்கப்படாது."
அவர் சொல்வது சரி. ரோட்டில் யார் எதைப் பார்த்து என்ன நினைப்பான் என்று சொல்ல முடியாது. இனி கோச்சி என்று எழுதுவேன். நாங்கள் கப்பலுக்குப் போக ஏற வேண்டியிருந்த ரயிலும் கோச்சிதானே.

மார்ச் 14, வெள்ளி
ரஷ்யக் கோச்சி நேற்றுப் போனது. ரெண்டு பேர். புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள்.
வால் நட்சத்திரத்துக்குப் பக்கத்திலும் ஐரோப்பாக்காரனின் கோச்சி ஒன்று போய்ப் பார்த்ததாம். தங்கச்சி ராணி விடியற்காலையில் என்னை எழுப்பி வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பனி. ஒன்றும் தெரியவில்லை. பல் கிட்டிக்கொண்டு நின்றோம். நல்ல சகுனமில்லை என்று உள்ளேயிருந்து அம்மா.

வாங்க வேண்டியது: ஈயம், 2 ஸ்பீக்கர் கோன், ராணிக்கு நூல்.

ஏப்ரல் 6, ஞாயிறு
ராணிக்குச் சம்பந்தம். மாத்தளைப் பக்கத்து நாலந்தாவில் லொறி ஓட்டுகிறவர், பெயர் சிவபாலன். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். அவர்கள் எந்தக் காலத்திலும் இந்தியாவுக்குப் போக எழுதிப் போடவில்லை. அதனால் அவர்களுக்கு இங்கேயே பிரஜாவுரிமை கிடைக்கப்போகிறது. நாங்கள் புத்திசாலிகள், முதல் ஆளாக எழுதிப் போட்டோம்.

மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. பெட்டியில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசித்தார். அவர் அம்மாதான் பேசினார். பொண்ணைப் புடிச்சிருக்கு, ஆனா இந்தியப் பாஸ்போட் உள்ள பொண்ணு, நாளைக்குக் கப்பல் ஓடினா ஏத்தி அனுப்பிருவாங்க, என் மகன் பிள்ளையை வச்சிக்கிட்டு நிக்கணுமா என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். பாஸ்போட்டை அவர்கள் கண் முன்னால் எரித்தால் சம்மதம்.

அப்பா பெயரில் ஒரே பாஸ்போட், அதற்குள் நாலு பேரும். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு
இடி மழை. கூரைத் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டது.
அமெரிக்காவின் இன்னொரு கோச்சியும் வெடித்தது. ஆளில்லை.
அம்மா ஒரு வாரமாக ராணியோடு பேசவில்லை. பாஸ்போட் அரிசி டின்னுக்குள். இருக்கிறதா என்று தினமும் கையை விட்டுப் பார்க்கிறாள்.

மே 5, திங்கள்
மறுபடி அமெரிக்கா. வானிலை பார்க்கிற கோச்சி. பாதி வழியில் எஞ்சின் நின்று, அவர்களே உடைத்துவிட்டார்களாம். இந்த வருஷம் அவர்களுக்கும் நமக்கும் ஒரே ஜாதகம்.

மே 8, வியாழன்
கொழும்பில் நேற்றுக் குண்டு. மாத்தளை ரோட்டில் செக்பொயிண்ட் போட்டுவிட்டார்கள். அடையாள அட்டை இல்லாதவன் பஸ்ஸில் ஏறாதே என்கிறார்கள். எனக்கு எந்த அட்டை? இனி தோட்டம், குறுக்குப் பாதை, பலாபத்வலையில் நம் கடை, மறுபடி குறுக்குப் பாதை, தோட்டம். சாமான் வாங்க மாத்தளைக்கு நானாவே போவதாகச் சொன்னார்.

மேலே போன அந்த ரெண்டு ரஷ்யரும் புது வீட்டிலிருந்து பழைய வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வானத்தில் ஒரு வீடு விட்டு இன்னொரு வீடு. யாரும் அட்டை கேட்கவில்லை.

ஜூன் 2, திங்கள்
ஐரோப்பாவின் கோச்சியும் விழுந்தது. கணக்கு: அமெரிக்கா மூன்று, ஐரோப்பா ஒன்று.
மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆவணிக்குள் முடிவு வேண்டும். வேறு பெண் இருக்கிறதாம்.
ராணி தண்ணீர்ப் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டே அழுததைப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். எனக்குத் தெரியாதா?

ஜூன் 15, ஞாயிறு
இன்று அம்மாவிடம் கத்திவிட்டேன். கப்பல் வராதும்மா, அண்ணனைப் பார்க்கிற ஆசையில் இங்கே இருக்கிற பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்காதே என்றேன். லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அம்மா கத்தவில்லை. அரிசி டின்னைத் திறந்து பாஸ்போட்டை எடுத்தாள். படமிருந்த பக்கத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"கப்பல் யாருக்குடா வேணும்? அந்த மனுசன் மூஞ்சி இதுல மட்டும்தான் இருக்கு."

உண்மைதான். விண்ணப்பத்துக்காகத் தோட்டத்துக்கு வந்த படக்காரன் பின்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு எடுத்தது. அப்பா, அம்மா நாற்காலியில். பின்னால் ராணி, ஓரத்தில் நான். மற்றப் பிரதி எல்லாம் விண்ணப்பங்களோடு போய்விட்டது. அப்பாவுக்கு வேறு படமே கிடையாது. இத்தனை நாள் அவள் இந்தியாவைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று நினைத்தேன். மடையன்.

ஜூன் 27, வெள்ளி
ரெண்டு ரஷ்யரும் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பழைய வீட்டுச் சாமான்களையும் கழற்றிக் கொண்டுபோனார்களாம். அவர்களுக்கும் பெட்டி இருந்திருக்கும். கடையில் தனியாகச் சிரித்தேன். நானா என்னவென்று கேட்டார்.

யோசனை ஒன்று. மாத்தளையில் ஸ்டூடியோ இருக்கிறது. படத்தைப் படம் பிடித்துப் பெரிதாக்கிக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு பாஸ்போட்டை யார் வேண்டுமானாலும் எரிக்கட்டும். ஒரே சிக்கல், பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தனுப்ப அம்மா சம்மதிக்கமாட்டாள். நானே புத்தகத்தோடு போய்வர வேண்டும்.

ஜூலை 9, புதன்
நாளைக்குப் போகிறேன். ராணிக்கு மட்டும் தெரியும். அம்மா பீலிக்குப் போகிற நேரத்தில் டின்னிலிருந்து எடுக்க வேண்டும். டயரியைக் கடையில் வைத்துவிட்டுப் போவேன்.

ஜூலை 17, வியாழன்
ஒரு வாரம் எழுதவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்தாம் தேதி. போகும்போது பஸ்ஸை நிறுத்தவில்லை. ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். நெகட்டிவ் எடுத்துக்கொண்டார். பெரிதாக்கக் கண்டிக்கு அனுப்ப வேண்டும், நாளாகும் என்றார். அப்பாவுக்குக் கோட்டு வரைந்து போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவர் உடம்பில் கோட்டு பட்டதே இல்லை என்றேன். சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

திரும்பும்போது செக்பொயிண்டில் இறக்கினார்கள். அட்டை கேட்டார்கள். கையில் இருந்தது அது ஒன்றுதான், கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்கள். இந்தியப் பாஸ்போட். இங்கே இருக்கலாம் என்று விசாவில் கொடுத்த நாள் முடிந்து ஒன்றே முக்கால் வருஷம். அப்போ இங்க என்ன செய்ற என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கப்பல் வந்ததும் போவேன் என்றேன்.

ரெண்டு ராத்திரி உள்ளே வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. ஒரு கன்னத்து அறை, அதை அடி என்று சொல்ல மாட்டேன். என்னோடு இருந்த ஒருவரை எங்கேயோ கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அவர் செருப்பு அங்கேயே கிடந்தது. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

நானா வந்து, என் கடைப் பையன், ரேடியோ ரிப்பேர் பண்றவன், பத்து வருஷமாத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டு மீட்டார். பாஸ்போட்டைக் கேட்டேன். அது இங்கே இருக்கும், கப்பல் வந்ததும் வந்து வாங்கிக்கோ என்றார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அம்மா என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாஸ்போட் எங்கே என்று கேட்கவே இல்லை. அன்று அரிசி அளக்கும்போது மட்டும் டின்னுக்குள் கையை விட்டு, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். படம் வரும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. வராமல் போனால்?

ரஷ்யர் ரெண்டு பேரும் நேற்றுத் தரை இறங்கினார்கள். நல்லபடியாக.

ஜூலை 27, ஞாயிறு
மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நடந்ததைச் சொன்னேன். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். வீட்டுல இல்லைன்னா சரி, எரிச்சா என்ன, அவங்க வச்சிருந்தா என்ன, தொலைஞ்சது சனியன் என்றார். ஆவணியில் தேதி குறித்தாயிற்று.
ராணி என் காலில் விழப் பார்த்தாள். போடி என்று தள்ளிவிட்டேன்.
அப்பா முகத்தை அம்மாவிடமிருந்து நான்தான் திருடிக் கொடுத்தேன். அதைத்தான் எல்லாரும் நல்ல காலம் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்
காற்று. புழுதி. ஜப்பான் கோச்சி நேற்றுச் சரியாகப் போனது. கண்ணாடி பதித்த பந்து ஒன்றும், வீட்டிலிருந்து ரேடியோவில் பேசுகிறவர்களுக்காகச் சின்னதாக ஒன்றும் மேலே விட்டிருக்கிறார்கள். நம் தொழில்காரர்களுக்கு. கேட்க ஆசைதான். அதற்கு லைசன் வேண்டும், லைசனுக்கு அட்டை வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
கல்யாணம் கோயிலில் முடிந்தது. மாப்பிள்ளையின் லொறியிலேயே போனார்கள். பெட்டியை ராணிக்கே கொடுத்துவிடச் சொன்னாள் அம்மா. ஆணியை நான்தான் பிடுங்கினேன். பித்தளைப் பானை பச்சை பிடித்திருந்தது. மேலே எழுதினதை அழிக்கப் பெயின்ட் தேடினேன், கடையில் இல்லை. மண்டபம் முகாம், இந்தியா என்ற பெட்டி நாலந்தாவுக்குப் போனது. ரெண்டு வருஷத்துக்கு முன் அழுத அதே ஆட்கள் மறுபடி வந்து அழுதார்கள். இந்தத் தடவை வீணாகவில்லை.
வீட்டில் பெட்டி இருந்த இடம் மட்டும் சிவப்பாக, மெழுகினது போல.

செப்டம்பர் 12, வெள்ளி
கணக்கப்பிள்ளை. ரெண்டு பேருக்கு எதுக்கு ஒரு காம்பரா என்றார். மார்கழி வரை தவணை கேட்டிருக்கிறேன்.
நானா மாத்தளை போனார். படம் இன்னும் கண்டியிலிருந்து வரவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி
மழைக் கறுப்பு. அமெரிக்காவின் வானிலைக் கோச்சி ஒருவழியாகப் போய்விட்டது. வேறு ஒன்று, வேறு எஞ்சின். நேற்றுச் செய்தி.

படம் வந்துவிட்டது. நானா பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். கடையில் பிரிக்கவில்லை. குறுக்குப் பாதையில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அப்பா முகம் அவ்வளவு தெளிவு. காதோரத்து மச்சம் கூடத் தெரிகிறது. அம்மா, ராணி, எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஓரத்தில் நின்றவன் மேல்தான் பாஸ்போட் சீல். படத்தோடு சேர்ந்து அதுவும் பெரிதாகி, வட்டம் முழுக்க என் முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. சட்டை தெரிகிறது, ஆளைத் தெரியவில்லை.

அம்மா அந்த இடத்தை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. ஸ்டூடியோவுல திருப்பிக் கொடுத்து மூஞ்சி வரையச் சொல்லலாமா என்றாள். வேண்டாம்மா என்றேன்.

"ஆமா," என்றாள். "நீ எங்க போகப்போற. இங்கதான இருப்ப." படத்தைச் சுவரில் மாட்ட ஆணி எங்கே என்று கேட்டாள். பெட்டியிலிருந்து பிடுங்கினது ஒன்று கொடுத்தேன்.